திண்ணையிலிருந்து தனித்தேர்வு வரை

குழந்தையைப் பள்ளியில் சேர்க்காமல், அதன் படிப்புக்குப் பெற்றோரே பொறுப்பேற்று வீட்டை மையமாக வைத்துக் கற்பிப்பது வீட்டுக்கல்வி. ஹோம்ஸ்கூலிங் என்றால்தான் பலருக்குச் சட்டென்று புரிகிறது. எல்லாப் பாடத்தையும் அப்பாவும் அம்மாவுமே நடத்த வேண்டும் என்ற கட்டாயம் இதில் இல்லை. கணக்குக்கு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், பாட்டுக்கு ஒரு வாத்தியார், நீச்சலுக்கு ஒரு பயிற்சியாளர் என்று வெளியாரிடமும் அனுப்பலாம். எதைப் படிப்பது, எந்த வேகத்தில் படிப்பது, எப்போது தேர்வு எழுதுவது என்ற தீர்மானம் குடும்பத்தின் கையில் இருந்தால் அது வீட்டுக்கல்வி.

இதோடு குழப்பிக்கொள்ளப்படும் வேறு சில ஏற்பாடுகள் உண்டு. பள்ளி விட்டு வந்தபின் நடக்கும் டியூஷன் வீட்டுக்கல்வி ஆகாது. கணினி வழியாக நடந்தாலும், ஒரு பள்ளியின் கால அட்டவணைக்குக் கட்டுப்பட்ட ஆன்லைன் வகுப்பும் அப்படித்தான். தமிழக அரசு 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி', பெயரில் இல்லம் இருந்தாலும், கொரோனா காலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு விட்டுப்போன பாடத்தைத் தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் ஈடுகட்டிய திட்டம். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான வீட்டுவழிக் கல்வி இன்னொன்று. கடுமையான குறைபாடோ பல்வகைக் குறைபாடோ உள்ள குழந்தை வீட்டிலிருந்தே படிக்கும் உரிமையைக் கல்வி உரிமைச் சட்டத்துக்கு 2012இல் வந்த திருத்தம் தந்தது. சிறப்பு ஆசிரியர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். படுத்த படுக்கையாக உள்ள பிள்ளையின் பெற்றோர் இதைக் கேட்டுப் பெறலாம் என்பது இன்னும் பல வீடுகளை எட்டவில்லை.

சொல் புதிது, பழக்கம் இந்த மண்ணுக்குப் பழையது. சென்னை மாகாண கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ 1822இல் எல்லா ஜில்லா கலெக்டர்களிடமும் கல்விநிலை பற்றிக் கணக்குக் கேட்டார். திருச்சிராப்பள்ளி ஜில்லாவிலிருந்து 700க்கும் மேற்பட்ட பள்ளிகள் இருப்பதாகப் பதில் போயிற்று. சென்னை நகரத்திலிருந்து வந்த கணக்குதான் மன்றோவையே யோசிக்க வைத்தது. அங்கே வீட்டிலேயே பாடம் படித்தவர்கள் 26,903 பேர்; பள்ளிகளில் படித்தவர்களைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல். இந்த எண்ணில் ஏதோ பிழை இருக்கலாம் என்று 1826ஆம் ஆண்டுக் குறிப்பில் அவரே எழுதினார். ஆனாலும் வீட்டில் படிப்போர் தொகை பெரியது என்பதை அவர் ஒதுக்கிவிடவில்லை. வெளி ஜில்லாக்களில் இந்தக் கணக்கு எடுக்கப்படாததால் திருச்சியின் எண்ணிக்கையை இன்று அறிய வழியில்லை.

திண்ணைப் பள்ளி என்பது ஆசிரியரின் வீட்டுத் திண்ணையில் நடந்தது. பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகி, பிறகு ஓலைக்கும் எழுத்தாணிக்கும் போனார்கள். எண்சுவடி, ஆத்திசூடி, நிகண்டு எல்லாம் மனப்பாடம். மூத்த பையன் சட்டாம்பிள்ளையாக இருந்து சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். வயதுவாரி வகுப்பு கிடையாது. ஒருவன் எண்சுவடியை முடித்தால் அடுத்ததற்குப் போவான், முடிக்காவிட்டால் அங்கேயே இருப்பான். இன்றைய வீட்டுக்கல்விக்காரர்கள் 'தன் வேகத்தில் கற்றல்' என்று பேசுவது இதைத்தான்.

திருச்சி வட்டாரத்தில் 1815இல் பிறந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இந்த வகைக் கல்வியின் உச்சம். தமிழாசிரியரான தந்தை சிதம்பரம் பிள்ளையே அவருக்கு முதல் ஆசிரியர். பிறகு ஏடு வைத்திருந்தவர்களையும் பாடம் தெரிந்தவர்களையும் தேடித்தேடிப் போய்க் கேட்டுப் படித்தார். அவர் எந்தக் கல்லூரிப் படியும் ஏறிப் படித்ததில்லை. அவரிடம் பாடம் கேட்டவர்களில் உ.வே.சாமிநாதையரும், கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியாரும் உண்டு. கிறிஸ்தவரான சவேரிநாத பிள்ளையும் இஸ்லாமியரான குலாம்காதிறு நாவலரும் உண்டு. இந்தப் படிப்பை இன்று மெச்சும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. பொதுவாக, வீட்டிலும் திண்ணையிலும் நடந்த கல்வி ஆண்பிள்ளைகளுக்கு, அதிலும் குறிப்பிட்ட சாதிகளுக்கே எட்டியது. எல்லோருக்குமான படிப்பு பொதுப்பள்ளி வந்த பிறகுதான் தொடங்கியது.

ஸ்ரீரங்கத்தில் அந்தப் பழைய முறையின் இரண்டு கிளைகள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. ஒன்று அரையர் சேவை. வைகுண்ட ஏகாதசியை ஒட்டிய பகல்பத்து, இராப்பத்து நாட்களில் குல்லாய் அணிந்து, கையில் தாளத்தோடு திவ்யப் பிரபந்தத்தைப் பாடி அபிநயிக்கும் அரையர்கள் இக்கலையைக் கல்லூரியில் பயில்வதில்லை. தந்தை மகனுக்கு வீட்டில் கற்பிக்கிறார். பாசுரம், இசை, அபிநயம் ஆகியவற்றோடு, தம்பிரான்படி என்ற வியாக்கியானமும் அதில் அடக்கம். மற்றொன்று பாடசாலை. அங்கே வேதமும் பிரபந்தமும் 'சந்தை' முறையில் சொல்லித்தரப்படுகின்றன. ஆசிரியர் ஒரு பகுதியை ஒருமுறை சொல்ல, மாணவன் இரண்டுமுறை திருப்பிச் சொல்வான். உச்சரிப்புப் பிசகினால் அதே இடத்தில் நிறுத்தப்படுவான். சந்தை முடிந்த பகுதியைப் பிறகு பலமுறை உருப்போடுவதற்குத் திருவை என்று பெயர். புத்தகம் பார்க்கும் வேலை கடைசியில்தான். பிழையை அந்தக் கணமே திருத்தும் இந்த ஏற்பாடு நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் நடக்காது.

பாடசாலைகளுக்குச் சட்டத்திலும் தனி இடம் கிடைத்திருக்கிறது. கட்டாய இலவசக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தது. 6 முதல் 14 வயது வரை கல்வி அடிப்படை உரிமை என்று கூறும் அரசியலமைப்பின் 21-ஏ பிரிவு, 2002ஆம் ஆண்டின் 86ஆவது திருத்தத்தால் சேர்ந்தது. அதற்குச் செயல்வடிவம் தருவதே இச்சட்டம். மதரசாக்கள், வேத பாடசாலைகள், முதன்மையாகச் சமயக் கல்வி தரும் நிறுவனங்கள் ஆகியவற்றுக்கு இது பொருந்தாது என்று 2012 திருத்தம் விலக்கு அளித்தது. வீட்டுக்கல்வி பற்றி அந்த விலக்கில் ஒரு வார்த்தைகூட இல்லை.

அப்படியானால் வீட்டுக்கல்வி சட்டவிரோதமா? சட்டத்தின் 10ஆவது பிரிவு, குழந்தையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. ஆனால் அக்கடமையைச் செய்யாத பெற்றோருக்குத் தண்டனை எதையும் சொல்லவில்லை. வீட்டில் கற்பிப்பதைத் தடுக்கும் வாசகமும் இல்லை, அனுமதிக்கும் வாசகமும் இல்லை. மத்திய அரசு அவ்வப்போது சொன்ன விளக்கங்களும் ஒரே மாதிரி இருந்ததில்லை. ஆகவே இந்தியாவில் வீட்டுக்கல்வி பெரும்பாலும் கண்டுகொள்ளப்படாத நிலையில் நடக்கிறது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு ஒரு விதி உண்டு. சில மாநிலங்களில் ஆண்டுதோறும் மதிப்பீட்டு அறிக்கை தர வேண்டும். ஜெர்மனியில் ஏறக்குறைய முழுத் தடை. இந்தியாவில் பதிவும் இல்லை, ஆய்வாளரும் இல்லை. இதைச் சுதந்திரம் என்று கொண்டாடுவோர் உண்டு. நல்லபடியாகக் கற்பிக்காத வீட்டிலிருந்து குழந்தையைக் காப்பாற்ற யாரும் இல்லை என்பதும் அதே வெற்றிடத்தின் மறுபக்கம்.

நடைமுறையில் பெற்றோர் சந்திக்கும் முதல் அதிகாரி, 'பள்ளி செல்லாக் குழந்தைகள்' கணக்கெடுப்புக்கு வீடு வீடாக வரும் ஆசிரியராக இருக்கலாம். தமிழகப் பள்ளி மாணவர் ஒவ்வொருவருக்கும் எமிஸ் எண் என்ற அடையாள எண் உண்டு. பள்ளியிலிருந்து டி.சி. வாங்கிக்கொண்டு போன பிள்ளை வேறெங்கும் சேராவிட்டால் பட்டியலில் இடைநின்ற பிள்ளையாகத் தெரியும். கேட்க வருபவரிடம் சண்டை பிடிப்பதைவிடப் பிள்ளையின் நோட்டுகளை எடுத்துக் காட்டுவது மேல்.

அடுத்து, முறைகள். இவற்றுக்கு ஆங்கிலப் பெயர்களே வழக்கில் உள்ளன. டீஸ்கூலிங் என்ற சொல்லைப் பரப்பியது இவான் இல்லிச் 1971இல் வெளியிட்ட நூல். அவர் பேசியது சமுதாயம் முழுவதையும் பள்ளிப் பிடியிலிருந்து விடுவிப்பது பற்றி. வீட்டுக்கல்விக்காரர்கள் அதைச் சுருக்கி, பள்ளியிலிருந்து நின்ற குழந்தை மணியோசையும் மதிப்பெண்ணும் இல்லாத வாழ்க்கைக்குப் பழகும் இடைக்காலத்துக்குப் பெயராக்கிவிட்டார்கள். இந்த நாட்களில் பிள்ளை ஒன்றும் படிக்காததுபோல் தோன்றும். பெற்றோருக்குத்தான் பதற்றம் அதிகம்.

அன்ஸ்கூலிங் என்பது பாடத்திட்டமே இல்லாமல், குழந்தையின் ஆர்வம் இழுக்கும் திசையில் போவது. 1977இல் 'குரோயிங் விதவுட் ஸ்கூலிங்' என்ற பத்திரிகையைத் தொடங்கிய அமெரிக்க ஆசிரியர் ஜான் ஹோல்ட் இதன் முன்னோடி. கேட்பதற்கு எளிது, செய்வதற்கு எல்லாவற்றிலும் கடினம். குழந்தை கேட்கும் கேள்விக்கெல்லாம் புத்தகமோ ஆளோ கொண்டுவந்து நிறுத்த நேரமும் வசதியும் வேண்டும். 'அதுவே கத்துக்கும்' என்று விட்டுவிடுவதற்கு அன்ஸ்கூலிங் என்று பெயர் சூட்டினால், அது படிப்பைக் கைவிட்டதற்கு ஒரு கௌரவப் பெயர், அவ்வளவே.

மாண்டிசோரி முறை தமிழகத்துக்கு நெருக்கமானது. மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறு பிரம்மஞான சபைக்கு ஆசிரியர் பயிற்சி அளிக்க வந்தார். உலகப்போர் மூண்டதால் ஊர் திரும்ப முடியாமல், கொடைக்கானலிலும் சிலகாலம் தங்கினார். கையால் தொட்டு, அடுக்கி, ஊற்றி, எண்ணிக் கற்பது இம்முறை. விலையுயர்ந்த மரச்சாமான் இல்லாமலும் நடக்கும்: பருப்பையும் பயறையும் கலந்து கொடுத்துப் பிரிக்கச் சொல்வதும், குவளையிலிருந்து டம்ளருக்குச் சிந்தாமல் ஊற்றச் சொல்வதும் அதே பயிற்சிதான். இங்கிலாந்துக்காரரான சார்லட் மேசனின் முறையில் நல்ல நூலை வாசித்துக் காட்டி, கேட்டதைக் குழந்தை தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். இயற்கையைப் பார்த்து வரைந்து குறிப்பெழுதும் நோட்டும் உண்டு. 'கிளாசிக்கல்' என்பது சிறுவயதில் மனப்பாடம், அடுத்து தர்க்கம், பிறகு பேச்சும் எழுத்தும் என்ற மூன்று படி. முதல் படி திண்ணைப் பள்ளியின் நிகண்டுப் பாடத்துக்கு அத்தனை தூரமில்லை. பலதையும் கலந்து தனக்கேற்றபடி வைத்துக்கொள்வதை எக்லெக்டிக் என்கிறார்கள். கொஞ்ச காலத்தில் பெரும்பாலான குடும்பங்கள் இங்கேதான் வந்து சேர்கின்றன.

யூனிட் ஸ்டடி, அதாவது ஒரே பொருளை வைத்துப் பல பாடங்களைத் தொடுவது, திருச்சிக்கென்றே செய்ததுபோல் பொருந்தும். காவிரியை எடுத்துக்கொள்ளலாம். முக்கொம்பில் ஆறு பிரிந்து வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி என்று ஓட, நடுவில் ஸ்ரீரங்கம் தீவாக நிற்கிறது. அதை வரைந்தால் புவியியல். முக்கொம்பு மேலணை 1830களில் ஆர்தர் காட்டன் காலத்தில் எழுந்தது. அதற்குக் கீழே உள்ள கல்லணை கரிகால் சோழனோடு சேர்த்துப் பேசப்படுவது. அவனைப் பாடிய பட்டினப்பாலை பத்துப்பாட்டில் ஒன்று. வரலாறும் தமிழும் அதில் முடிந்தன. 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடம் பக்கத்து மதகுகள் சில அடித்துச் செல்லப்பட்டது ஏன் என்று கேட்டால் நீரின் விசை பற்றிய பாடம். செய்தித்தாளில் வரும் 'விநாடிக்கு 10,000 கன அடி' என்ற ஒரு வரியில் முழுக் கணக்கு வகுப்பே இருக்கிறது. ஒரு நாளுக்கு 86,400 விநாடி. பெருக்கினால் 86 கோடியே 40 லட்சம் கன அடி. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. ஆக அந்த ஒரு நாள் ஓட்டம் ஒரு டி.எம்.சி.கூட இல்லை. ஆறாம் வகுப்பு வயதுப் பிள்ளை இதைப் போட்டு முடித்த பிறகு செய்தியில் வரும் தண்ணீர்ச் சண்டை அதற்கு வேறு மாதிரி கேட்கும். ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபப் படித்துறையில் நின்று பார்ப்பதும் இந்தப் பாடத்தில் சேர்த்தி.

இதில் ஒரு பொறி உண்டு. ஆற்றுக்குள் பின்னமும் தசமமும் வரிசையாக வராது. கணக்கும் இலக்கணமும் படிப்படியாகக் கட்ட வேண்டியவை என்பதால், அவற்றுக்கு மட்டும் தனிப் புத்தகம் வைத்துக்கொள்வது நல்லது. தமிழ்நாட்டுப் பாடநூல்களும் என்.சி.இ.ஆர்.டி. நூல்களும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

போர்ட்ஃபோலியோ என்பது குழந்தை செய்த வேலைகளின் கோப்பு: தேதியிட்ட கட்டுரை, கணக்குத் தாள், வரைந்த படம், படித்த நூல்களின் பட்டியல், பார்த்த இடங்களின் குறிப்பு. மதிப்பெண் பட்டியல் இல்லாத பிள்ளைக்கு இதுதான் சாட்சி. பின்னால் ஒரு பள்ளியில் சேர்க்க நேர்ந்தாலும் தலைமையாசிரியர் மேஜையில் வைக்க ஏதாவது இருக்கும். கோ-ஆப் என்பது நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து வாரத்தில் ஓரிரு நாள் பிள்ளைகளை ஒன்றுகூட்டி, ஆளுக்கொரு பாடம் நடத்துவது. 'பிள்ளை நாலு பேரோடு பழக வேண்டாமா' என்று உறவினர்கள் கேட்கும் கேள்விக்கு இது ஓரளவு பதில். திருச்சியில் விமான நிலையம் அருகிலுள்ள அண்ணா அறிவியல் மையக் கோளரங்கம், மலைக்கோட்டை அருகே ராணி மங்கம்மாள் மண்டபத்தில் இயங்கும் அரசு அருங்காட்சியகம், மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, மாவட்ட மைய நூலகம் எல்லாம் கூட்டாகப் போய்வரத் தோதான இடங்கள். ஆனால் தெருவில் விளையாடும் பிள்ளைகளும் பள்ளிக்குப் போய்விட்டால் பகல் முழுக்க வீட்டுப்பிள்ளை தனியாக இருக்கும் என்பது உண்மையான குறை. கோ-ஆப் அதை முழுதாக அடைத்துவிடாது.

எந்த முறையில் படித்தாலும் முடிவில் ஒரு சான்றிதழ் தேவைப்படும். அந்த வழியை முதலில் பார்த்துவிட்டு முறையைத் தேர்ந்தால் பிற்பாடு அலைச்சல் குறையும். தமிழக மாநிலப் பாடத்திட்டத்தில் இதற்கான சொல் 'தனித்தேர்வர்'. பன்னிரண்டரை வயது நிரம்பியவர் பள்ளிக்கே போகாமல் எட்டாம் வகுப்புத் தேர்வை நேரடியாக எழுதலாம். எட்டாம் வகுப்புத் தேர்ச்சியும் பதினான்கரை வயதும் இருந்தால் பத்தாம் வகுப்பு. விண்ணப்பம் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் சேவை மையங்கள் வழியாக. தேதியைத் தவறவிட்டால் கூடுதல் கட்டணத்தோடு 'தக்கல்'. பத்தாம் வகுப்பு அறிவியலுக்குச் செய்முறைப் பயிற்சி வகுப்பில் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும். பலர் கோட்டை விடும் இடம் இதுதான்.

தேசிய அளவில் உள்ள வழி என்.ஐ.ஓ.எஸ்., அதாவது தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். 1979இல் சி.பி.எஸ்.இ.யின் ஒரு திட்டமாகத் தொடங்கி, 1989இல் தனி நிறுவனமாகி, 2002இல் இன்றைய பெயரைப் பெற்றது. பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வுக்கு 14 வயது நிறைந்திருக்க வேண்டும். பள்ளிச் சான்று இல்லாதவருக்கு, இப்படிப்பைத் தொடரும் அளவுக்குப் படித்திருப்பதாகத் தாமே எழுதித் தரும் உறுதிமொழி போதும். குறைந்தது ஐந்து பாடங்கள். ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. பதிவு ஐந்தாண்டு செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்புகள். ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் என்று ஆண்டுக்கு இருமுறை பொதுத்தேர்வு. டி.எம்.ஏ. எனப்படும் ஒப்படைப்புகளுக்கு 20 சதவீத மதிப்பெண். விரும்பும் நாளில் எழுதும் 'ஆன் டிமாண்ட்' தேர்வும் உண்டு. கேம்பிரிட்ஜின் ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வைத் தனியாக எழுத அனுமதிக்கும் மையங்களும் இருக்கின்றன. அதன் கட்டணம் நடுத்தரக் குடும்பத்துக்குக் கை கடிக்கும்.

திறந்தநிலைப் பள்ளியில் படித்தோர் மருத்துவ நுழைவுத்தேர்வான நீட் எழுதக் கூடாது என்றிருந்த தடையை டெல்லி உயர்நீதிமன்றம் 2018இல் நீக்கியது. ஆனாலும் கல்லூரிக்குக் கல்லூரி, வேலைக்கு வேலை, இணைத்தன்மை விதிகள் மாறுகின்றன. பிள்ளை எதற்கு ஆசைப்படுகிறதோ அந்தப் படிப்பின் அவ்வாண்டு விளக்கக் குறிப்பேட்டைப் பார்ப்பது தவிர வேறு வழியில்லை.

வெளிநாட்டுப் புத்தகங்கள் சொல்லாத தமிழகக் கணக்கு ஒன்று உண்டு. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய். அரசுப் பணியில் தமிழ்வழியில் பயின்றோருக்கான 20 சதவீத முன்னுரிமைக்குப் பள்ளியிலிருந்து சான்று கேட்கிறார்கள். காலை உணவும் மதிய உணவும் பள்ளியில்தான். வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு இவை இல்லை. வசதியுள்ள குடும்பத்துக்கு இது பெரிய இழப்பாகத் தெரியாது; கூலிவேலைக் குடும்பத்துக்குப் பள்ளியே மேல் என்பதில் சந்தேகமில்லை. பெண்பிள்ளையை மட்டும் வீட்டில் நிறுத்தி அதற்கு வீட்டுக்கல்வி என்று பெயர் சொன்னால், அந்த வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்பது அக்கம்பக்கத்தாரின் கடமை.

வீட்டுக்கல்வி ஒத்துவராமல் போனால் திரும்புவதற்குச் சட்டமே வழி வைத்திருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவுப்படி, பள்ளியில் சேராத அல்லது இடையில் நின்ற 6 முதல் 14 வயதுக் குழந்தையை அதன் வயதுக்குரிய வகுப்பிலேயே சேர்க்க வேண்டும். மற்றவர்களோடு சமமாக வரச் சிறப்புப் பயிற்சியும் தர வேண்டும். ஆண்டின் நடுவில் வந்தாலும், டி.சி. இல்லாவிட்டாலும், வயதுச் சான்று கையில் இல்லை என்றாலும், அந்தக் காரணங்களுக்காக அரசுப் பள்ளி இடம் மறுக்க முடியாது.